ரௌஸ்தாலின் மேகம் ஒருவழியாக வெளுத்தது

ரௌஸ்தால் என்ற பழைய டச்சு ஓவியரின் ஹார்லெம் ஓவியத்தை வீட்டுப் பிரிண்டரில் அச்சடிக்கும் வேலை நான்காவது தடவையில் கைகூடிவிட்டது. அதற்குள் ஒன்றரை மீட்டர் கேன்வாஸ், இரண்டு ஏ2 தாள்கள், கணக்கில் சேர்க்காத சோதனைத் துண்டுகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. கடைசியில் பார்த்தால் கோளாறு தாளிலும் இல்லை, மையிலும் இல்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். யாக்கோப் ஃபான் ரௌஸ்தால் 1670–75 வாக்கில் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சி. நெதர்லாந்தின் டென் ஹாக் நகரில் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். மூன்றில் இரண்டு பங்கு வானம். கீழே கோடு கிழித்தாற்போல் அடிவானம், அதில் புனித பாவோ தேவாலயம். அதற்கு முன்னால் புல்வெளியில் வெளுப்பதற்காக நீள நீளமாக விரித்துப்போட்ட லினன் துணிகள். அசல் 55.5 செ.மீ. உயரம், 62 செ.மீ. அகலம். என் பிரிண்டர் 17 அங்குலத்தோடு நின்றுவிடும் என்பதால் 38க்கு 42.5 என்று குறைத்துக்கொண்டேன்.

எண்ணெய் ஓவியம் என்றால் கேன்வாஸ்தான் என்று எல்லாரையும்போல நானும் அங்கேதான் தொடங்கினேன். பாலியெஸ்டர் கலந்த பருத்திக் கேன்வாஸ். வெளியே வந்ததும் பத்தடி தள்ளி நின்று பார்த்து அசந்துபோனேன். ஓரடியில் நின்று பார்த்ததும் அழுகை வந்தது. வெளுப்புக் களத்தில் வேலை செய்கிற ஆட்கள் என் அளவில் எள்ளுப்போல்தான் இருக்கிறார்கள். கேன்வாஸின் நெசவு முடிச்சும் ஏறத்தாழ அதே அளவு. எது ஆள், எது நூல் என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, நான் அச்சடிக்கும் டிஜிட்டல் கோப்பிலேயே பழைய வண்ணத்தின் வெடிப்புகளும் தூரிகைத் தடங்களும் பதிவாகியிருக்கின்றன. அவற்றின்மேல் நெசவு ஏறினால் ஒரே புழுதிதான். அந்தக் காலத்து ஓவியர்கள் துணியின்மேல் அடிப்பூச்சு பூசி நெசவை அமுக்கப் பாடுபட்டார்கள். நாமோ நெசவுக்கென்று தனியாகக் காசு கொடுக்கிறோம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியபோது மூலை மடிப்பில் பூச்சு வேறு வெடித்தது. கேன்வாஸோடு எனக்கு அன்றைக்கே கணக்குத் தீர்ந்தது.

அடுத்து பருத்தித் தாள், மேட் என்கிற மினுங்காத பரப்பு. கையில் இரண்டு வகை இருந்தன: ஒன்று பளிச்சென்ற வெள்ளை, இன்னொன்று இயற்கை வெள்ளை. புற ஊதா டார்ச் வைத்திருப்பவர்கள் இருட்டறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தாள் டியூப்லைட் போல நீலமாக எரியும், இரண்டாவது சும்மா மங்கிக் கிடக்கும். எரிவது, வெள்ளையாகத் தெரிவதற்காகத் தாளில் சேர்த்த ஒளிர்வூட்டி ரசாயனம். நீலம் போட்ட வேட்டி என்றால் நமக்குச் சட்டென்று புரியும். ஜன்னல் ஓரத்தில் கண்ணைப் பறிக்கும். புற ஊதாக் கதிர் இல்லாத எல்.இ.டி. விளக்கில் அந்த மினுக்கெல்லாம் அடங்கி வேறொரு தாளாகிவிடும். வருடங்கள் போகப்போக அதுவும் தேய்ந்து மஞ்சள் தட்டும்.

இந்தப் படத்தில் நீல வெள்ளை எடுபடவே எடுபடாது. ஹார்லெம் வெளுப்பாளர்கள் அந்தத் துணிகளைச் சாம்பல் காரத்திலும் புளித்த மோரிலும் மாறி மாறி ஊறப்போட்டு, மாதக்கணக்கில் புல்லில் விரித்து வெயிலில் வெளுத்தவர்கள். ரௌஸ்தால் பூசியிருப்பதும் வெயில் குடித்த வெள்ளை. பளிச் தாளில் அது நேற்று கடையில் வாங்கிய பனியன் போல வந்தது. ஆக, இயற்கை வெள்ளைத் தாள் என்று முடிவாயிற்று. இதுவரை நான் புத்திசாலி.

இனிமேல்தான் கூத்து. இயற்கை வெள்ளையில் அடித்த அச்சில் மேகம் அழுக்காக இருந்தது. சாம்பலும் பழுப்புமாக, மழைக்காலத்தில் உலராத துண்டு மாதிரி. புரொஃபைல் (அந்தத் தாளில் எந்த நிறம் எப்படி விழும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் கோப்பு) தப்போ என்று தாள் நிறுவனத்தின் புரொஃபைலை விட்டு நானே ஒன்று எடுத்தேன். நிறங்களைத் தாளுக்குள் அடக்கும் ரெண்டரிங் முறையை மாற்றினேன், படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் கறுப்புப் புள்ளி ஈட்டைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைகோட்டில் மேல் பகுதியைத் தூக்கினேன். மேகம் வெளுப்பதற்குப் பதில் வெறுமையானது, உள்ளே இருந்த உருண்டை எல்லாம் தட்டையாகிவிட்டது. மேசைமேல் கிடந்ததைப் பார்த்த மனைவி, “பேசாமல் மேகத்தையும் அந்தப் புல்லில் நான்கு நாள் காயப்போடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை, மேகப் பகுதியை மட்டும் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, நோட்டுப் புத்தகத்தில் செருகிக்கொண்டு மௌரிட்ஸ்ஹௌஸுக்குப் போனேன். ஓவியத்திற்கு முன்னால் தள்ளி நின்று, துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். காவலர் ஒருவர் இரண்டடி நெருங்கி வந்து நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால், என் மேகம் அழுக்கே இல்லை. அசலைவிட ஒரு பொட்டு வெளிச்சமாகக்கூட இருந்தது! வளைகோட்டில் தூக்காத துண்டுதான் மிக நெருங்கி வந்தது.

வீட்டில் அழுக்கு, இங்கே வெளுப்பு. விளக்கு வித்தியாசம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே டிராமுக்குக் காத்திருந்தபோதுதான் உறைத்தது. நறுக்கிய துண்டில் வெள்ளை ஓரம் கிடையாது. வீட்டில் கிடக்கும் முழுத் தாளில் சுற்றிலும் இரண்டு செ.மீ. வெள்ளை ஓரம். ரௌஸ்தாலின் மிக வெளிச்சமான மேகம்கூடத் தாளின் வெள்ளையை எட்டாது. எண்ணெய் வண்ணமும் முந்நூற்றைம்பது வருடமும் விடாது. பக்கத்தில் வெறும் தாள் நிற்கும்போது கண் அதைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. நீலம் போட்ட வேட்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் யார் வேட்டியும் அழுக்குதான். அருங்காட்சியகத்தில் அசலைச் சுற்றி இருப்பது கருஞ்சட்டம். அங்கே மேகத்துக்குப் போட்டியே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், கறுப்பு அட்டையை நான்கு பட்டையாக வெட்டி ஓரத்தை மறைத்தேன். மேகம் எழுந்து நின்றது. அதே அச்சுதான், குப்பைக்கூடைக்கு ஒதுக்கியது. ஆனாலும் அதில் வளைகோட்டைக் கெடுத்து வைத்திருந்ததால் புதிதாக நான்காவது ஒன்று அடித்தேன். படத்தின் விளிம்போடு நறுக்கியாயிற்று. வெள்ளை ஓரம் அழகு, கையெழுத்துப் போட இடம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், ஒளிப்படத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

முன்புறத்து இருட்டில் எனக்கு இன்னும் திருப்தியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி (எண் கூடினால் கறுப்பும் ஆழமாகும்) 1.6, 1.7க்கு மேல் ஏறாது. பரைட்டா என்கிற பளபளப்புத் தாள் என்றால் 2.2ஐத் தாண்டும். கீழே மணல்மேட்டுப் புதர் எல்லாம் மேட் தாளில் ஒரே கம்பளிப் போர்வை. நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி ஒப்பேற்றியிருக்கிறேன். அதே கோப்பைப் பரைட்டாவில் ஏ4 அளவில் அடித்தேன்: புதருக்குள் நடந்து போகலாம்போல இருந்தது. ஆனால் வானத்தில் எங்கள் ஜன்னல் தெரிந்தது. இந்தப் படத்தில் வானம்தான் முதலாளி, அதனால் மேட். ரௌஸ்தாலின் காட்டுப் படங்களை எடுத்தால் நிச்சயம் பரைட்டாதான். என் பழைய பிரிண்டரில் மேட் தாளுக்கான கறுப்பு மைக்கும் பரைட்டாவுக்கான ஃபோட்டோ கறுப்பு மைக்கும் மாற்றும் ஒவ்வொரு முறையும் அது குடிக்கிற மையை நினைத்தால் வயிறு எரிகிறது. மேட் வேலையெல்லாம் ஒரு மாதம், பரைட்டா வேலையெல்லாம் ஒரு மாதம் என்று பிரித்துக்கொள்ளப் போகிறேன்.

இன்னொன்று: பருத்தித் தாளை உள்ளே விடுமுன் மென்தூரிகையால் ஒருமுறை தட்டிவிடுங்கள். பஞ்சுத் தூசி ஒட்டியிருந்து, அடித்த பிறகு உதிர்ந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. காட்டில் விழுந்தால் தெரியாது. இங்கே வானத்தில் இரண்டு விழுந்தன. ஒன்றைப் பறவை என்று விட்டுவிட்டேன்.

தாள் வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் ஏ4 மாதிரிப் பொட்டலம் வாங்குங்கள், நேராக ரோலுக்குப் போகாதீர்கள். நான் இணையத்தில் வாங்கிய ஒரு ரோல் ஓரம் நசுங்கி வந்தது. மாற்றித் தர மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். இப்போது கையில் இருப்பது ஹானமூலே என்ற ஜெர்மன் ஆலையின், சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள பருத்தித் தாள். அந்த ஆலை 1584இல் தொடங்கியது, ரௌஸ்தால் பிறப்பதற்கு நாற்பது வருடங்களுக்கும் முன்னால். அதற்காக வாங்கவில்லை, ஆனால் நினைக்க நன்றாக இருக்கிறது.

கண்ணாடியும் சட்டமும் இன்னும் பாக்கி. மேட் பரப்பு நகம் பட்டாலே கீறுவதால் கண்ணாடி இல்லாமல் முடியாது. பிரதிபலிக்காத கண்ணாடிக்குச் சொன்ன விலையில் இன்னொரு ரோல் வாங்கலாம். அச்சு இப்போதைக்கு இரண்டு அட்லஸ்களுக்கு நடுவே உறங்குகிறது. அதற்குள் மனம் யான் ஃபான் கோயன் என்ற இன்னொரு டச்சு ஓவியரிடம் தாவிவிட்டது. டூலிப் கிழங்கு வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, இதே டென் ஹாக்கில் 1656இல் கடனோடு செத்தவர். ஓக் பலகையில் அவ்வளவு மெல்லிசாக வண்ணம் பூசுவார், மரத்தின் ரேகை மேலே தெரியும். பழுப்பும் சாம்பலும்தான் அவருடைய உலகம். மேட் தாளுக்கென்றே பிறந்த படங்கள். கறுப்பு அட்டை மிச்சம் இருக்கிறது. கோப்பை நேற்றிரவே இறக்கி வைத்துவிட்டேன்.