லினக்ஸ்ல கேம் ஆடலாமா?

அம்மாப்பேட்டைல எங்க வீட்டு பழைய பிசிக்கு விண்டோஸ் 11 ஏறாது, 10க்கும் 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது, அதனால லினக்ஸ் மின்ட்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். பக்கத்து வீட்டுல தறி ஓடிட்டே இருக்கு, நான் கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் ஆப்ல, விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட வைக்கிற புரோட்டான ஆன் பண்ணி கேம தட்டினேன், கேமோட கிராஃபிக்ஸ தயார் பண்ற 'வல்கன் ஷேடர்' வேலை எவ்வளவு முடிஞ்சுதுன்னு காட்டுற கோடு மெதுவா நகருது, அம்மா வச்ச டீயே ஆறிப்போச்சு, அப்புறம் பாருங்க, விண்டோஸ்ல ஓடின மாதிரியே ஓடுச்சு! 2018ல ஸ்டீம நடத்துற வால்வ் கம்பெனி விட்ட புரோட்டான்தான் காரணம், விண்டோஸோட கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸ்ல கேம் கேக்கறத, லினக்ஸுக்கும் புரியற வல்கனுக்கு மாத்திக் குடுத்துடுது. 2022ல வந்த ஸ்டீம் டெக்ங்கற கைல வச்சு ஆடுற கேம் மெஷினும் லினக்ஸ்தான்.

ஆனா தம்பிக்கு வாலரண்ட்ங்கற ஆன்லைன் ஷூட்டிங் கேம் வேணும், அது நடக்காது, ஏமாத்தி ஆடுறத தடுக்கற அதோட ஆன்ட்டி-சீட்டுக்கு விண்டோஸோட அடிப்படைப் பகுதியான கெர்னலே வேணும். தனியா கதை கேம் ஆடுறவங்க தைரியமா மாறலாம். அவனுக்காக மட்டும் டிஸ்க்ல தனியா பிரிச்ச ஒரு பார்ட்டிஷன்ல விண்டோஸ விட்டு வச்சிருக்கேன்.