ஆயிரத்து இருநூறு லிட்டர் பழைய தீயணைப்பு ஃபோமை முறைப்படி அழிக்க நான் பட்ட பாடு

நேற்று மதியம் கூரியரில் நீல நகல் வந்து சேர்ந்தது. அபாயகரக் கழிவு கைமாறும்போது எல்லாரும் கையெழுத்திடும் படிவம் 10-இன் ஆறாவது நகல், கழிவை வாங்கிக்கொண்ட மையம் கையெழுத்தும் முத்திரையும் போட்டு நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது. ஃபைலில் வைப்பதற்கு முன் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்த வேலை, ஆடி முடியும்போதுதான் முடிந்திருக்கிறது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு என் ஏழு மாதத்தில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சால்வென்ட் டேங்குகள் வைத்திருக்கும் ஒரு நடுத்தர பெயிண்ட் ஆலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. எங்களிடம் இருந்தது 3 சதவீத ஏ ட்ரிபிள் எஃப் (AFFF, எண்ணெய், சால்வென்ட் தீயை அணைக்கத் தண்ணீரில் 3 சதவீதம் கலந்து நுரையாக்கும் திரவம்), பதினோரு வருடச் சரக்கு. பிளாடர் டேங்கில் (உள்ளே ரப்பர் பை வைத்த தொட்டி) 600 லிட்டர், ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் 20 லிட்டர் கேன்களாக 32. வருடாந்திர சோதனையில் நுரை சரியாக விரியவில்லை, நின்ற நுரையிலிருந்தும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிட்டது. மாற்றியாக வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. பழையதை என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை வந்தது.

மாக் டிரில்லில், அதாவது தீயணைப்பு ஒத்திகையில், பீய்ச்சித் தீர்த்துவிடலாம் என்றார் ஒருவர். கொஞ்சம் கொஞ்சமாக இடிபி-யில் (ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) விட்டால் யாருக்கும் தெரியாது என்றார் இன்னொருவர். மூன்றாவதாகக் காயலான் கடைக்காரர் வந்தார். "கேன் மட்டும்தான் சார் வேணும், உள்ளே இருக்கிறதை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். எங்கே போய்ப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். ஆலையின் பின்மதிலைத் தாண்டினால் மழைநீர் ஓடை, அது போய்ச் சேருவது ஏரி, ஏரிக்கரையில் ஊர்க் கிணறு.

மேலாளர் நல்ல மனிதர், ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். ஒரு சாயங்காலம் அவர் கண்முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீரில் ஒரே ஒரு டீ டம்ளர் ஃபோமை ஊற்றி, துடைப்பக் குச்சியால் கலக்கி, அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது வாளி விளிம்புக்கு மேல் வெள்ளை நுரை அப்படியே குந்தியிருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பு. "இதுதான் சார் ஏரேஷன் டேங்கில் நடக்கும், பொங்கி வெளியே வரும், உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்துப்போகும். நுரையாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதில் இருக்கும் பிஃபாஸ் கண்ணுக்கும் தெரியாது, எந்த பாக்டீரியாவாலும் அதை முழுசாக உடைக்கவும் முடியாது, சுத்திகரித்த தண்ணீரோடு சேர்ந்து நம்ம தோட்டத்துக்கே வந்துவிடும்" என்று சொன்னேன். பிஃபாஸ் (PFAS) என்பது ஃப்ளூரின் கலந்த வேதிப்பொருள் குடும்பம், கார்பனும் ஃப்ளூரினும் பிடித்திருக்கும் பிடி அப்படி. மேலாளர் வாளியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, முறைப்படி பண்ணுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் மீதி எதுவும் நடந்திருக்காது. உங்கள் நிர்வாகத்தின் சம்மதத்தை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள், செலவு ஏறும்போது அதுதான் கை கொடுக்கும்.

முறைப்படி என்றால் எந்த முறைப்படி? அங்கேதான் தலைவலி ஆரம்பம். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணைகளை வரிவரியாகப் பார்த்தேன், தீயணைப்பு ஃபோம் என்று ஒரு வரி கிடையாது. எளிதில் அழியாத மாசுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் பிஃபாஸ் குடும்பத்தின் பிஎஃப்ஓஎஸ் 2009-லும், பிஎஃப்ஓஏ 2019-லும், பிஎஃப்எச்எக்ஸ்எஸ் 2022-லும் சேர்ந்தாகிவிட்டது. நம் நாட்டில் 2018-இல் வந்த நீடித்த கரிம மாசுப் பொருள் விதிகள் ஏழு வேதிப்பொருள்களைத் தடை செய்கின்றன, அந்த ஏழில் இந்த மூன்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நாங்கள் அமர்த்திய ஆலோசகர், "லிஸ்ட்டில் இல்லை என்றால் அபாயகரம் இல்லை, அனுமதியும் தேவையில்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அட்டவணையில் பெயர் இல்லாததால் ஒரு பொருளின் நச்சு குறைந்துவிடுமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-லேயே இந்த ஃபோமுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, பழைய சரக்கை வெளியேற்ற மூன்று வருடம் கெடு கொடுத்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த நாடு முழுக்க மேலே சொன்ன மூன்றையும் இறக்குமதி செய்யவோ தயாரிக்கவோ பயன்படுத்தவோ தடை. நம் ஊர்த் தண்ணீர் மட்டும் என்ன, வேறு தண்ணீரா? இந்தத் தகவல்களை ஒரு பக்கத்துக்கு அச்செடுத்து எல்லா விண்ணப்பத்தோடும் இணைத்தேன், கடைசியில் அது உதவியது.

அடுத்து, ஃபோமில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். விற்ற நிறுவனத்துக்கு நான்கு மின்னஞ்சல் போனது. வந்த எம்எஸ்டிஎஸ்ஸில் (பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்) "ஃப்ளூரின் கலந்த சர்ஃபாக்டன்ட், வணிக ரகசியம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டபோது, "சி6 வகைதான் சார், ஒன்றும் ஆகாது" என்றார்கள். சி6 என்றால் ஆறு கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி, அது சரி. ஆனால் அதுவும் கடைசியில் உடையாத இன்னொரு பிஃபாஸாகத்தான் மாறி நிற்கிறது, மறைந்துபோவதில்லை. இந்த பதிலை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

சோதனைக்கூடம் அடுத்த கூத்து. இரண்டு கூடங்கள் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டன. குடிநீரில் துளித்துளியாக அளக்கும் கருவியில் கெட்டியான ஃபோமை ஏற்றினால் கருவி பல நாளுக்குக் கறைபட்டுவிடும் என்றார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது கூடம் பல ஆயிரம் மடங்கு நீர்த்துச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டது. நான் பளபளவென்று கண்ணாடி பாட்டிலில் எடுத்துக்கொண்டு போன மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், மூடிக்குள் டெஃப்லான் இருந்ததாம். டெஃப்லானே இந்தக் குடும்பத்துச் சரக்கு, முடிவைக் கெடுத்துவிடும். எச்டிபிஇ (ஒரு வகை பிளாஸ்டிக்) பாட்டில், நைட்ரைல் கையுறைதான் வேண்டும், வால்வில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் அந்த இடத்தில் மாதிரி எடுக்கக் கூடாது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு முழு நாளும் வண்டி வாடகையும் மிச்சம். அறிக்கையில் பிஎஃப்ஓஏ இருந்தது. குட்டைச் சங்கிலிகளும் இருந்தன.

அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் ஆலையின் ஆத்தரைசேஷனில், அதாவது அபாயகரக் கழிவுக்கான அனுமதியில், பெயிண்ட் கசடு, இடிபி கசடு, பயன்படுத்திய எண்ணெய், காலி பேரல் எல்லாம் உண்டு, ஃபோம் கிடையாது. அது ஏறாமல் ஒரு லிட்டர்கூட வாசலைத் தாண்ட முடியாது. முதல் தடவை கவுண்டரில் இருந்தவர், "வகை எண் போடலையே, எண் இல்லாம நான் எப்படி சார் உள்ளே அனுப்புறது?" என்று திருப்பிவிட்டார். இரண்டாம் தடவை பார்க்க வேண்டியவர் ஆய்வுக்குப் போய்விட்டார், நாலு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் தடவை ஓர் இளம் பெண் பொறியாளர் ஃபைலை வாங்கி, நின்றபடியே முழுசாகப் படித்தார். "எண்ணைத் தேடாதீங்க சார். என்ன பொருள், எவ்வளவு, எங்கே போகுது, ஏன் ஒரே தடவை, இதை நேரா எழுதுங்க, அறிக்கையைச் சேருங்க" என்றார். அங்கேயே பக்கத்துக் கடையில் தட்டச்சு செய்து கொடுத்தேன். பதினெட்டாம் நாள் அனுமதி வந்தது. அந்தப் பெண் இல்லாவிட்டால் நான் இன்னும் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பேன்.

இதற்குள் ஒரு தப்பு நடந்துவிட்டது. நல்ல எண்ணத்தில் பிளாடர் டேங்கை முன்னமே காலி செய்து பேரல்களில் அடைத்து, பதிவேட்டிலும் கழிவு என்று எழுதிவிட்டேன். அன்று முதல் 90 நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது, அதற்கு மேல் கழிவை ஆலையில் வைத்திருக்கக் கூடாது. கழிவு குறைவாக உண்டாகும் ஆலைகள் நீட்டிப்பு கேட்க விதியில் இடம் உண்டு, கேட்டு வாங்கினேன், அதற்கே இரண்டு நடை. அனுமதியும் ஒப்பந்தமும் கைக்கு வந்தபின் வடியுங்கள். அதைவிட முக்கியம், டேங்க் காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் சால்வென்ட் டேங்குகளுக்குக் காவல் இல்லை. பக்கத்து ஆலையிலிருந்து இரண்டு ஃபோம் டிராலி கடன் வாங்கி நிறுத்தும் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

அழிப்பு மையத்துடன் பேசும்போது கவனமாக இருங்கள். முதல் மதிப்பீட்டில் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து கெட்டிப்படுத்தி நிலத்தில் புதைப்பதாக எழுதியிருந்தார்கள், விலையும் மலிவு. புதைத்த பிஃபாஸ் மழைத் தண்ணீரோடு கசிந்து அந்த இடத்தின் கழிவுநீருக்குள்தான் வரும். நமக்குத் தொல்லை விட்டது, வேறு யார் தலையிலோ விடிகிறது, இதற்காகவா இவ்வளவு அலைந்தோம்? எரிப்புதான் வேண்டும், இரண்டாம் அறையில் 1,100 பாகை செல்சியஸுக்குக் குறையாமல், குறைந்தது 2 விநாடி, எரித்த தேதியோடு சான்றிதழ் என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுத வைத்தேன். ஃபோம் பெரும்பாலும் தண்ணீர்தான், தானாக எரியாது, வேறு சால்வென்ட் கழிவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் ஏற்ற முடியும் என்று விலையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார்கள். மேலாளரிடம் அந்த வாளியை ஞாபகப்படுத்தினேன். கையெழுத்துப் போட்டார்.

கழுவும் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஃபோம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். டேங்க், குழாய், புரபோர்ஷனர் (ஃபோமைத் தண்ணீரோடு சரியான அளவில் கலக்கும் கருவி) எல்லாவற்றையும் மூன்று முறை அலசியதில் 2,100 லிட்டர் கழுவிய தண்ணீர் சேர்ந்துவிட்டது, அதுவும் கழிவுதான், அதையும் அனுப்பித்தான் ஆக வேண்டும். 1,240 லிட்டர் என்று கிளம்பியது 3 டன் 400 கிலோ சொச்சத்தில் போய் நின்றது. உள்ளிருந்த ரப்பர் பிளாடரையும் வெட்டிச் சேர்த்து அனுப்பினோம். ஹோஸை முழு அழுத்தத்தில் பிடிக்காதீர்கள், நுரை பொங்கிப் பேரலில் பாதிகூட நிறையாது. மெதுவாக அடியிலிருந்து நிரப்பி வடியுங்கள்.

லாரி வந்த நாளும் ஒரு தடவை வீண். ஓட்டுநரிடம் படிவம் 9, அதாவது அவசரகால அட்டை இல்லை. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், ஒப்பந்தக்காரர் கத்தினார், கத்தட்டும். மறுவாரம் எல்லாம் சரியாக வந்தது. ஏழு நகல்களிலும் கையெழுத்து, வெள்ளை வாரியத்துக்கு, மஞ்சள் நமக்கு, மீதி ஐந்தும் வண்டியோடு. எடையை நம் எடைமேடையிலேயே போட்டுச் சீட்டை இணைத்துக்கொள்ளுங்கள். படிவம் 8 லேபிள்களை வெறும் பசையில் ஒட்டினால் வெயிலில் சுருண்டு விழும், மேலே அகலமான டேப் ஒட்டுங்கள்.

புதிதாக வாங்கியது ஃப்ளூரின் இல்லாத ஃபோம். இது குழைவாக இருக்கும், பழைய புரபோர்ஷனரில் சரியாக இழுக்கவில்லை, மாற்ற வேண்டியிருந்தது. பழையதோடு ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. வாங்கும்போதே ஃப்ளூரின் சேர்க்கவில்லை என்று எழுத்தில் உறுதியும் ஒரு சோதனை அறிக்கையும் கேட்டேன், காலாவதியானதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஷரத்தையும் ஆர்டரில் போட்டேன். முதலில் தயங்கினார்கள், ஆர்டர் வேறிடம் போகும் என்றதும் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பத்து வருடமாக வருடத்துக்கு இரண்டு முறை மாக் டிரில் என்று இதே ஃபோமைப் பீய்ச்சிய காலி இடம் பின்மதிலை ஒட்டித்தான் கிடக்கிறது, அங்கே இப்போது கோரை முளைத்திருக்கிறது. அந்த மண்ணையும் ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்க மேலாளர் நேற்று சாயங்காலம் ஒப்புதல் கொடுத்தார். எச்டிபிஇ பாட்டில்கள் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை காலையில் போய் எடுக்கிறோம்.