எண்ணிக்கையில் வராத வேலை

மக்களவை உறுப்பினர் ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை எண்ணுவது. எத்தனை கேள்வி, எத்தனை விவாதம், எத்தனை நாள் வருகை. கூட்டத்தொடர் முடிந்தால் யாராவது மதிப்பெண் பட்டியல் போடுவார்கள். அதில் ஐயாவின் பெயர் அடியில் கிடக்கக் கூடாது என்பது கட்சிக்காரர்களின் கவலை. ஐயா ஆளுங்கட்சியும் இல்லை, பெரிய எதிர்க்கட்சியும் இல்லை. பின்வரிசையில் ஓரத்து இருக்கை. முன்னால் பேசுகிறவர் கையை உயர்த்தும்போது அக்குளுக்குக் கீழே தெரிகிற தலை அவருடையது என்று தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எண்ணிக்கையை ஏற்றுவது எளிது. ஒரு திட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு, மாநில வாரியாகச் செலவானது எவ்வளவு, ‘ஆம் எனில் அதன் விவரங்கள் என்ன, இல்லையெனில் காரணங்கள் என்ன’ என்று எழுத வேண்டியதுதான். திட்டத்தின் பெயரை மாற்றினால் அடுத்த கேள்வி தயார். மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருபது, எழுத்தில் மட்டும் பதில் வரும் குறியிடாதவை இருநூற்று முப்பது. ஒரு உறுப்பினர் பெயரில் ஐந்துக்கு மேல் பட்டியலில் வராது. அதில் நட்சத்திரக் கேள்வி ஒன்றுதான். பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் விழ வேண்டும். நான் ஒரே மாலையில் முப்பது கேள்வி எழுதிக்கொண்டு போய் நின்றேன்.

ஐயா எல்லாவற்றையும் படித்தார். அவர் படிப்பது மெதுவாக, உதடு அசைய. கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதற்கெல்லாம் பதில் வந்தால் நீ படிப்பாயா?”

நான் பேசவில்லை. பதிலே தெரிந்துவிட்டது அவருக்கு. முப்பதில் நான்கை எடுத்துக்கொண்டார்.

அந்த நான்கில் ஒன்றுதான் அடுத்த சில ஆண்டுகளுக்கு என் வேலையாகிப் போனது. பொதுத்துறை நிறுவனங்களில் பணியின்போது விபத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர், இழப்பீடு எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது கேள்வி. ‘ஊழியர்’ என்று எழுதியிருந்தேன். பதில் வந்தது. ஒற்றை இலக்க எண், அனைவருக்கும் இழப்பீடு தரப்பட்டுவிட்டது என்ற வரி. எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ஐயா அந்தத் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார், ஏதோ கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல. “ஒப்பந்தத் தொழிலாளி ஊழியர் ஆவானா?” என்றார். ஆக மாட்டான். சம்பளப் பட்டியலில் அவன் ஒப்பந்தக்காரரின் ஆள். நாங்கள் கேட்டதற்கு அமைச்சகம் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

சொல்லுக்குள் ஆள் காணாமல் போகும் இந்த வித்தை இன்றும் நடப்பதுதான். 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் பணியால் இறந்தவர்கள் பற்றிக் கேட்டபோது, அப்படி மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று அரசு பதில் சொன்னது. கழிவுநீர்க் குழிகளில் இறங்கி இறந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுவது ஒரு வரையறை, குழிக்குள் இறங்கும் அபாயகரமான துப்புரவு வேறொரு வரையறை. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் சுழியம்தான் வரும். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த விளக்கு வெளிச்சத்துத் தாள் ஞாபகம் வந்தது.

அடுத்த கூட்டத்தொடரில் சொல்லை மாற்றிக் கேட்டோம். குலுக்கலில் நட்சத்திரக் கேள்வியாகவே விழுந்தது, வரிசையில் பதினோராவது. கேள்வி நேரம் ஒரு மணி நேரம். ஐந்தாறு கேள்விக்கு மேல் வாய்மொழியாக எட்டுவது அபூர்வம். எட்டவில்லை. அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்விக்கு என்று ஐயா சட்டைப் பையில் வைத்திருந்த சிறு காகிதம் அப்படியே திரும்பி வந்தது. எழுத்து மூலமான பதில் மட்டும் கிடைத்தது: ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்.’

எனக்கு எரிச்சல். ஐயாவுக்கோ ஏதோ புதையல் கிடைத்த முகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பேச்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்சியின் பலத்துக்கேற்ப நேரம் பிரித்துத் தருவார்கள். அந்த நேரத்தைக் கட்சி தன் ஆட்களுக்குள் பிரிக்கும். முன்வரிசையில் இருப்பவர் தன் பங்கைத் தாண்டிப் பேசினால் பின்வரிசைக்காரரின் பங்குதான் கரையும். அமைச்சகத்தின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் ஒன்றுக்கு ஏழு நிமிடம் என்று தயாரித்தோம். நான்கு என்றார்கள். இரவு எட்டரைக்கு மேல் அழைத்தபோது அவையில் இருந்தவர்களை மாடத்தில் உட்கார்ந்து என்னால் எண்ண முடிந்தது. குறைந்தபட்ச வருகைக்கு ஐம்பத்தைந்து பேர் வேண்டும். யாரும் அதை எழுப்பவில்லை, எழுப்பினால் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தமிழில் பேசப்போவதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தார். மூன்றாம் நிமிடம் மணி அடித்தது. “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள், எங்களுக்கு மணியோசை மட்டும்தான் வருகிறது, யானையைக் காணோம்” என்றார். தமிழ் தெரிந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவைக்குறிப்பில் அது ஆங்கிலமாகி, தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு என்ற நட்சத்திரக் குறியோடு வந்தது. யானையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பின்வரிசைக்காரர் அவையையே அசைத்த கதையும் உண்டு. ஐயா அலுப்பில் இருக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்லும் கதை அது. பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் பங்கு வாங்கியதைப் பற்றிக் கேள்விகளில் தொடங்கியது, 1957 டிசம்பர் விவாதத்தில் முற்றி, சாக்ளா விசாரணை ஆணையம் வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். “கூச்சல் போட்டா செய்தார்? கணக்கைப் படித்துவிட்டு வந்தார்” என்பார் ஐயா. இன்றைக்கு அப்படி ஒருவர் வருவாரா என்று ஒருமுறை கேட்டேன். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் கட்சி மாறுவதையும், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறுவதையும்தான் தண்டிக்கிறது, கேள்வி கேட்பதை இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனால் பயத்துக்குச் சட்டப்பிரிவு தெரியாது” என்றார்.

கொறடாவின் கை எட்டாத இடம், அமைச்சகங்களின் வேலையை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு. 1993இல் பதினேழாகத் தொடங்கி 2004இல் இருபத்துநான்கு ஆனவை இந்தத் துறைசார் குழுக்கள். ஒவ்வொன்றிலும் முப்பத்தொரு பேர், இருபத்தொருவர் மக்களவை, பத்துப் பேர் மாநிலங்களவை. கேமரா கிடையாது, பார்வையாளர் கிடையாது. உதவியாளர்களும் உள்ளே போகக் கூடாது. எனவே நான் வருணிக்கப்போவதெல்லாம் தாழ்வாரத்திலிருந்து பார்த்ததுதான்.

நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தின் தாழ்வாரத்தில், மூடிய கதவுக்கு வெளியே, துறைச் செயலருடன் வந்த இளநிலை அதிகாரிகள் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். திடீரென்று கதவு திறக்கும், ஒருவர் தலையை நீட்டி ஒரு சொல் சொல்வார், வெளியே நிற்பவர்களில் மூன்று பேர் ஒரே கோப்பைத் தேடுவார்கள். உள்ளே யாரோ எளிமையான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். சிக்கலான கேள்விகளுக்குப் பதில் அவர்களிடம் தயாராக இருக்கும். எளிமையானவைதான் தடுக்கி விழவைக்கும். ஒரு நாள் கதவு திறந்தபோது என் காதில் விழுந்த சொல் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’. எந்தக் கோப்பிலும் அது இல்லை.

வெளியே வந்ததும் ஐயா எதுவும் சொல்லவில்லை. குழுவில் நடந்ததை வெளியே பேசக் கூடாது என்ற விதியை என்னிடம்கூடக் கடைப்பிடித்தார். காரில் அவருடைய குறிப்புத் தாளைப் பார்த்தேன். நான் தட்டச்சு செய்து கொடுத்த பன்னிரண்டு பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில், ‘யார் கணக்கு வைக்கிறார்?’

மாதங்கள் கழித்து குழுவின் அறிக்கை வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம். அதில் ஒரு பத்தி, மூன்று வாக்கியம்: ஒப்பந்தத் தொழிலாளர் விபத்துகளுக்குத் தனிப் பதிவேடு இல்லாததைக் குழு கவனிக்கிறது, கவலை தெரிவிக்கிறது, பராமரிக்கப் பரிந்துரைக்கிறது. எல்லாம் ‘குழு’. ஐயாவின் பெயர் கடைசியில் வருகைப் பட்டியலில் மட்டும், முப்பது பெயர்களோடு. மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது. அந்தக் கூட்டத்தொடரில் எங்கள் எண்ணிக்கை குறைந்திருந்தது. தொகுதியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, எம்.பி. தூங்குகிறாரா என்று என்னிடம் கேட்டார். எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இப்போது அந்தப் புதையல். ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்து வருகிறோம்’ போன்ற பதில்கள் நழுவல்போலத் தோன்றும். நாடாளுமன்றக் கணக்கில் அவை உறுதிமொழிகள். இப்படியான வாக்கியங்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அமைச்சர் அப்படிச் சொன்னால், 1953இலிருந்து இயங்கும் அரசு உறுதிமொழிக் குழுவின் பேரேட்டில் அது ஏறிவிடும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்தொடருக்கு ஒருமுறை நான் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன், அதே கடிதம், தேதி மட்டும் வேறு. ஏழாவது கடிதத்தில் ஐயா கையெழுத்திடும்போது, “எண்ணுகிறாயா?” என்று கேட்டார்.

அடுத்த தேர்தலில் அவருக்குக் கட்சி டிக்கெட் கொடுக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. அவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருந்த மசோதாக்கள் காலாவதியாகும். உறுதிமொழிகள் ஆகாது, புதிய குழுவின் பேரேட்டுக்கு மாறிவிடும். நான் வேறொரு உறுப்பினரிடம் வேலைக்குப் போனேன். முதல் வாரம் அவரும் எண்ணத்தான் சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பிற்பகல், அவையில் ஏதோ அமளி, ஒத்திவைப்புக்கு முன் ஆவணங்களை மேசையில் வைக்கிறார்கள். அன்றைய காகிதக் கட்டுக்குள் உறுதிமொழி நிறைவேற்ற அறிக்கைகள் இருந்தன. பக்கம் புரட்டும்போது பழைய கேள்வி எண், பக்கத்தில் ஐயாவின் பெயர். கீழே அட்டவணை: நிறுவனம் வாரியாக, ஆண்டு வாரியாக, ஒப்பந்தத் தொழிலாளர் என்ற தலைப்பில்.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். நலம் விசாரிக்கும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

“இரு தம்பி, கண்ணாடி எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வரியாக மெதுவாகச் சொல், எழுதிக்கொள்கிறேன்.”