பயோவிலிருந்து மட்ஸுக்கு: ஒரே வருடத்தில் இணைந்த கணிதம்

இலங்கையின் உயர்தரப் பரீட்சைக்கு முதல் தடவை பயோ (உயிரியல் பிரிவு) எடுத்தேன். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி எந்தப் பீடத்துக்கும் எட்டவில்லை. இரண்டாந் தடவை மட்ஸுக்கு (கணிதப் பிரிவு) மாறினேன். பௌதிகவியலும் இரசாயனவியலும் இரண்டு பிரிவுக்கும் பொது, ஆகவே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது இணைந்த கணிதம் ஒன்றுதான். மற்றவர்கள் இரண்டு வருடம் படிக்கிற பாடம் அது. விசர் வேலை என்று சொன்ன பெரியப்பா, இப்போது தன் மகனுக்கு என்னுடைய கொப்பிகளைக் கேட்கிறார். இணைந்த கணிதத்துக்கு வந்தது பி. எனக்கு அது போதும்.

தாள்கள் இரண்டு: முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். இரண்டிலும் பகுதி அ கட்டாயமான குறுங்கேள்விகள், பகுதி ஆ-வில் ஏழு நீண்ட கேள்விகளில் ஐந்து.

எல்லாரும் இருபடிச் சமன்பாட்டில் தொடங்கச் சொல்வார்கள். பயோவிலிருந்து வருகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம், இரண்டாம் தாளில் தொடங்குங்கள். உந்தக் காப்பு, வட்ட இயக்கம், எளிமை இசை இயக்கம் எல்லாம் பௌதிகவியலில் ஏற்கெனவே பாதி தெரிந்தவை. நிலையியலுக்குத் திரிகோண கணிதம் இருந்தால் தொடங்கிவிடலாம். தொகையீடு படிக்காமலேயே ஒரு தாளின் பெரும்பகுதிக்குள் இறங்கிவிட்டோம் என்ற தைரியம் வரும். ஒரு வருடக்காரருக்கு அந்தத் தைரியம்தான் முதலில் தேவை.

அப்புறம், இதை மட்டும் வடிவாகக் கேளுங்கள்: புள்ளித்திட்டத்தை, அதாவது விடைத்தாள் திருத்துவோர் எந்த வரிக்கு எத்தனை புள்ளி கொடுப்பார்கள் என்ற பட்டியலை, பாடப்புத்தகம் போலப் படியுங்கள். 150 புள்ளிக் கேள்வி அதில் ஐந்து ஐந்தாக உடைந்து கிடக்கும். விசைகளைக் குறித்ததற்கு ஐந்து, சமன்பாடு எழுதியதற்குப் பத்து என்று போகும். கடைசி விடைக்கென்று கிடைப்பது கொஞ்சம்தான்.

ஆப்புக் கணக்கை எடுங்கள். ஒப்பமான (உராய்வில்லாத) கிடை மேசையில் சாய்ந்த முகமுள்ள ஆப்பு, அதன் சாய்முகத்தில் துணிக்கை. பலர் செவ்வன் மறுதாக்கத்தைப் பிடித்துக்கொண்டு அரைப் பக்கம் அல்லாடுவார்கள். அது தேவையே இல்லை. ஆப்பின் ஆர்முடுகலையும் (வேகம் மாறும் வீதம்), ஆப்புச் சார்பாகத் துணிக்கையின் ஆர்முடுகலையும் படத்தில் குறியுங்கள். தொகுதி முழுவதற்கும் கிடையாக ஒரு சமன்பாடு, துணிக்கைக்குச் சாய்முகம் வழியே இன்னொன்று. மறுதாக்கம் இரண்டிலும் வராது. தீர்க்க நேரமில்லையா? அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். பயிற்சியின்போது நான் பல கணக்குகளைத் தீர்க்கவே இல்லை. சமன்பாடு மட்டும் எழுதிப் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டேன். தீர்க்காமல் விட்டால் நித்திரை வராத ஆக்களுக்கு இந்த முறை சரிவராது.

மற்றவை சுருக்கமாக:

- பகுதி அ ஒவ்வொரு தாளிலும் 250 புள்ளி. ஓர் அலகை முழுதாக விட்டால் அடி இங்கேதான் விழும். பகுதி ஆ-வில் விடப்போகிற அலகையும் இந்த அளவுக்காவது படியுங்கள்.
- முதல் தாளில் 14ஆம் கேள்வி: பெறுதி (வகையீடு), அணுகுகோடு, திரும்பற் புள்ளி, வரைபு. பழகினால் கையே செய்யும்.
- இரண்டாம் தாளில் 17ஆம் கேள்வி: நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். வேறு அலகுகளில் தங்கியிராதது, கடைசி மாதத்திலும் பிடிக்கலாம்.
- திணிவு மையம்: திண்ம அரைக்கோளத்துக்குத் தளமுகத்திலிருந்து ஆரையின் 3/8, பொள் அரைக்கோளத்துக்கு 1/2, திண்மக் கூம்புக்கு அடியிலிருந்து உயரத்தின் 1/4. விடை தெரிந்திருந்தால் நிறுவல் எங்கே பிழைக்கிறது என்று உடனே பிடிபடும்.
- சிக்கலெண் எனக்கு ஒத்துவரவில்லை. அது வருகிற முதல் தாளின் 13ஆம் கேள்வியைத் தொடவில்லை, வருத்தமும் இல்லை.

ரியூசன் பற்றிக் கேட்பீர்கள். ஒரு ரிவிஷன் வகுப்புக்குப் போனேன். மண்டபம் நிறைய ஆட்கள், சேர் பலகையில் எழுத எழுத எல்லாம் விளங்கும், வீட்டுக்கு வந்து வெற்றுத் தாளை எடுத்தால் முதல் வரியே வராது. அவர் கணக்குச் செய்வதைப் பார்க்கவா நான் காசு கட்டினேன்? விட்டுவிட்டேன். மாதக் காசைத் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

பௌதிகவியலும் இரசாயனவியலும் முதலே படித்தவைதானே என்று மூடி வைக்காதீர்கள். இசட் புள்ளி மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரி, மூன்றும் ஒரே தடவையில் எடுத்ததாக இருக்க வேண்டும். போன தடவை எடுத்த நல்ல பெறுபேறு இந்தக் கணக்கில் சேராது. என் இரசாயனவியல் இந்த முறை ஒரு படி இறங்கித்தான் வந்தது. காலையில் கணிதம், பின்னேரம் மற்ற இரண்டில் ஒன்று என்று பிரியுங்கள். இரவில் ஆப்புக் கணக்கு வேண்டாம்.