சோறு போட்டால் ஆறு மாதம்

வேதாரண்யம் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடிந்ததும் முகாமில் இருந்த சனத்துக்கு ஒருவேளைச் சோறு போடுவதற்குள் எங்களுக்கு விழி பிதுங்கிவிட்டது. அரிசி இருந்தால் விறகு நனைந்திருக்கும். அண்டா கிடைத்தால் தண்ணீர் ஏற்றக் கரண்ட் இருக்காது. ஊர்க்காரர்களே அடுப்பு மூட்டியிராவிட்டால் அன்றைக்குப் பட்டினிதான்.

அதன் பிறகுதான் 1930 உப்பு யாத்திரையில் ராஜாஜி செய்த காரியத்தின் கனம் எனக்குப் புரிந்தது. ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள். வெள்ளைக்காரனின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ள, நூறு பேர் அளவில் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். சுமார் 150 மைல், பதினைந்து நாள், எல்லாம் நடந்தே. அவருக்கு அப்போது வயது 51, ஆஸ்துமா வேறு.

அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் விவரமான ஆள். யாத்திரைக்காரர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதம் ஜெயில், அபராதம் என்று ஊர் ஊராகத் தண்டோரா போடச் செய்தார். நடப்பவனை விட்டுவிட்டு அவன் சாப்பாட்டைப் பிடி என்பது கணக்கு. வருவாய்த்துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கெட்டிக்கார உத்தரவு. ஆனால் சத்திரமும் அன்னதானமுமாக வாழ்ந்த ஊர்களில் போய் அதைப் போட்டார் பாருங்கள்! கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே வீட்டில் இடம் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். பயந்தவர்களும் சும்மா இல்லை. வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு நேர் சாலை உண்டு. ராஜாஜி போனது போலக் கும்பகோணம் ஏறி, வலங்கைமான், நீடாமங்கலம் என்று இறங்குவது நல்ல சுற்று. சீக்கிரம் போய் உப்பு அள்ளுவதுதான் நோக்கம் என்றால் அந்தச் சுற்று எதற்கு? டெல்டாவின் நடு வயிற்றுக்குள் புகுந்து போனதால்தான் கலெக்டர் உத்தரவு ஒவ்வொரு ஊரிலும் தோற்றது. ராஜாஜியின் மூளைக்கு உப்பைவிட இந்த வழித்தடத்தைத்தான் நான் சாட்சியாகச் சொல்வேன்.

அந்த உத்தரவைக் கிராமத்தில் நிறைவேற்ற வேண்டியவர்கள் எங்கள் முன்னோடிகளான கர்ணமும் மணியக்காரரும். நானாக இருந்தால்? தண்டோராவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சம்பளக்காரன் புத்தி.

வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜியை ஏப்ரல் 30 அன்று கைது செய்து ஆறு மாதம் ஜெயிலில் போட்டார்கள். அப்புறமும் உப்பு அள்ளுவது நிற்கவில்லை. யாத்திரையை வேதாரண்யத்துக்கு வரவழைத்த வேதரத்தினம் பிள்ளையும் ஜெயிலுக்குப் போனார். ஊரில் போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்யவும் துணி வெளுக்கவும் ஆள் கிடைக்கவில்லை. வைரப்பன் என்ற நாவிதர், முகம் மழித்துக்கொண்டிருப்பவர் போலீஸ் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கும் தண்டனை. ஜப்தி, சம்மன், அபராதம் எதற்கும் எங்கள் துறையில் ஒரு படிவம் உண்டு. பாதிச் சவரத்துக்கு எந்தப் படிவத்தில் மேலே எழுதினார்களோ!