பால் ஊறுதா?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள், தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு கேட்பது "ஏளா, பால் ஊறுதா?" என்றுதான். பதில் சொல்லிச் சொல்லியே ஒடுங்கிப்போனேன்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்திருந்தேன். சிசேரியனுக்குப் பிறகு பால் இறங்கத் தாமதமானது. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. அம்மா பூண்டு வதக்கித் தந்தாள், பால்சுறாப் புட்டு செய்தாள். மைனி ஒருத்தி, "எனக்கெல்லாம் சேலையே நனைஞ்சிரும்" என்றாள். (அவளை இன்னும் மன்னிக்கவில்லை.) பிள்ளை அழுதால் நெஞ்சு படபடக்கும், அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது.

தாய்ப்பால் கொடுத்தால் மனச்சோர்வு அண்டாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதிக் கதை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஏறத்தாழ 14,000 பிரசவங்களின் விவரங்களை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பத்தில் மனச்சோர்வு இல்லாதவர்களில், பால் கொடுக்க நினைத்துக் கொடுத்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வரும் ஆபத்து மிகக் குறைவு. கொடுக்க நினைத்தும் முடியாமல் போனவர்களுக்குத்தான் மிக அதிகம். என் பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம். மனம் சோர்ந்து அதனாலேயே பாலை நிறுத்துகிறவர்களும் உண்டு. எது முன்னால் வந்தது என்று பிரிப்பது லேசில்லை.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். எடின்பரோ அளவுகோல், பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித்தாள். 1987இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள்: சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உன்னையே குறை சொல்லிக்கொண்டாயா, அழுதாயா... பாலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதினார். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை: "மாத்திரை போட்ட பாலையா பிள்ளைக்குக் குடுக்கப் போற?" அந்த மருந்து பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம் என்று டாக்டரம்மா ஆச்சியை எதிரே உட்காரவைத்துச் சொன்னார். பிள்ளைக்கு என்னென்ன கவனிக்கவேண்டும் என்பதையும் சொன்னார். இதைப் படித்து யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ராத்திரி ஒரு வேளை பவுடர் பாலை அத்தை பாலாடையில் புகட்டினார், நான் தூங்கினேன். மருந்தைவிட முதலில் வேலை செய்தது அந்தத் தூக்கம்தான்.

பக்கத்தில் அப்படி டாக்டரம்மா இல்லாதவர்கள் 14416க்குப் பேசலாம். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.