அப்பாச்சி ஏஜ்-இல் டேட்டா ஏற்றுவது: ஐடி-யில் தொடங்கி ஐடி-யில் முடியும் வேலை

தனியாக ஒரு கிராஃப் டேட்டாபேஸை (பொருள்களையும் அவற்றுக்கிடையே உள்ள தொடர்புகளையும் சேமிப்பது) நிறுவிப் பராமரிக்காமல், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே கிராஃபுக்கான மொழியான சைஃபரில் வினவல் ஓட்ட வேண்டும் என்றால் அப்பாச்சி ஏஜ் எக்ஸ்டென்ஷன் போதும். நிறுவுவது எளிது. டேட்டா ஏற்றும்போதுதான் இடறும். இடறும் இடம் பெரும்பாலும் ஐடி, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண்.

கையில் வைத்துப் பேச ஓப்பன்ஃபிளைட்ஸ் தளத்தின் விமானப் போக்குவரத்து டேட்டாவை எடுத்துக்கொள்வோம். ஏர்போர்ட்ஸ் ஃபைலில் விமான நிலையங்கள். ரூட்ஸ் ஃபைலில் 67,663 தடங்கள். தட விவரம் 2014 ஜூனோடு நின்றுவிட்டது, அதை நம்பி டிக்கெட் எடுக்க முடியாது. பழகிப் பார்க்க இதைவிட நல்ல டேட்டா கிடைப்பது அரிது, ஏனென்றால் நிஜ டேட்டாவில் இருக்கும் அழுக்கு எல்லாம் இதில் இருக்கிறது.

முதலில் செஷன். ஒவ்வொரு புதிய இணைப்பிலும் 'லோட் ஏஜ்' கொடுத்து, சர்ச் பாத்தில் (போஸ்ட்கிரஸ் பெயர்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஏஜி_கேட்டலாக்-ஐச் சேர்க்க வேண்டும். லோட் கொடுக்க மறந்தால் 'அன்ஹேண்டில்டு சைஃபர்' என்று ஒரு பிழை வரும். வினவலில் தப்பு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், லோட் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஏற்பாடு) வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

கிராஃபில் ஒரு பொருள் (இங்கே விமான நிலையம்) வெர்டெக்ஸ், இரண்டை இணைக்கும் தொடர்பு (இங்கே தடம்) எட்ஜ், அவற்றின் வகைப்பெயர் லேபிள். ஏஜ் தானே தருவது இரண்டு ஃபங்ஷன்கள்: வெர்டெக்ஸுக்கு லோட்_லேபிள்ஸ்_ஃப்ரம்_ஃபைல், எட்ஜுக்கு லோட்_எட்ஜஸ்_ஃப்ரம்_ஃபைல். இரண்டுக்கும் கிராஃப் பெயர், லேபிள் பெயர், ஃபைல் பாதை கொடுக்க வேண்டும். ஃபைல் உங்கள் லேப்டாப்பில் இருந்தால் போதாது, சர்வரில் இருக்க வேண்டும். டாக்கரில் ஓடினால் கன்டெய்னருக்குள். புதிய வெளியீடுகள் டெம்ப் டைரக்டரியில் உள்ள 'ஏஜ்' ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் தேடாது. பெயர் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டேட்டா) என்று முடியாத ஃபைலையும் தொடாது. பாதுகாப்புக்காக வந்த கட்டுப்பாடு, நியாயமானதுதான்.

வெர்டெக்ஸ் ஃபைலில் முதல் நெடுவரிசை ஐடி, மற்றவை பண்புகள். தலைப்பு வரி கட்டாயம், அதிலிருந்துதான் பண்புகளின் பெயர் வரும். ஓப்பன்ஃபிளைட்ஸ் ஃபைல்களில் தலைப்பு வரி இல்லை என்பதால் நாமே சேர்க்க வேண்டும். எட்ஜ் ஃபைலில் முதல் நான்கு நெடுவரிசைகளும் வரிசை மாறக் கூடாது: தொடக்க ஐடி, தொடக்க லேபிள், முடிவு ஐடி, முடிவு லேபிள். ரூட்ஸ் ஃபைலில் புறப்படும் நிலையத்தின் ஐடி நாலாவதாகவும் சேரும் நிலையத்தின் ஐடி ஆறாவதாகவும் இருப்பதால் இடம் மாற்றியே ஆக வேண்டும். ஏர்போர்ட்ஸ் ஃபைலையும் காற்புள்ளியை வைத்து வெட்டி ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். நார்வேயின் 'ஹார்ஸ்டாட்/நார்விக் ஏர்போர்ட், ஈவனஸ்' பெயரிலேயே காற்புள்ளி இருக்கிறது.

இப்போது ஐடி. ஏஜ் உள்ளே வைத்திருப்பது நீங்கள் கொடுத்த எண் அல்ல, 64 பிட் கிராஃப்ஐடி. மேல் 16 பிட் லேபிளின் எண், கீழ் 48 பிட் நீங்கள் கொடுத்த எண். 1-உம் 2-உம் ஏஜின் சொந்த லேபிள்களுக்குப் போய்விடுவதால், புது கிராஃபில் முதலில் உருவாக்கும் லேபிளுக்கு 3 கிடைக்கும். லண்டன் ஹீத்ரோவின் எண் 507. கிராஃபில் அது 844424930132475 என்று தெரியும்: 3 × 281474976710656 + 507. இதைப் புரிந்துகொண்டால் மூன்று விஷயங்கள் தெளியும். யூயூஐடி-யை (128 பிட் நீளமுள்ள அடையாளக் குறி) ஐடி-யாகக் கொடுக்க முடியாது, ஏனென்றால் 48 பிட்டில் அடங்காது. லேபிள் எண்ணிக்கை 65,535-ஐத் தாண்டாது. நாட்டுக்கு ஒரு லேபிள், ஊருக்கு ஒரு லேபிள் என்று போடுகிறவர்கள் நினைவில் வைக்கவும். எட்ஜ் ஃபைலில் லேபிள் பெயரைத் தவறாகக் கொடுத்தால் அந்த 507 வேறு எதையோ சுட்டும்.

லோடரின் (மேலே சொன்ன இரண்டு ஃபங்ஷன்களின்) பெரிய குறையும் இங்கேதான். எட்ஜின் முனையில் நிஜமாக ஒரு வெர்டெக்ஸ் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, கணக்குப் போட்டுக் கிராஃப்ஐடி-யை எழுதிவிடும். அந்தரத்தில் தொங்கும் எட்ஜ் சைஃபரின் 'மேட்ச்' வினவலில் இரு முனையையும் கேட்கும்போது சத்தமில்லாமல் காணாமல் போகும். நீளம் மாறும் பாதையை (எத்தனை எட்ஜ் என்று முன்கூட்டிச் சொல்லாதது) தேடும்போதுதான் எச்சரிக்கை வரும். ரூட்ஸ் ஃபைலில் ஐடி தெரியாத நிலையங்களுக்குப் பின்சாய்வுக்கோடும் 'என்' எழுத்தும் போட்டிருக்கிறார்கள். அது எண்ணே இல்லை.

அடுத்தது டேட்டா வகை. இயல்பாக எல்லாப் பண்பும் எழுத்துத் தொடராகவே ஏறும். ஹீத்ரோவின் உயரம் 83 அடி. வரிசைப்படுத்தினால் '1000' அதற்கு முன்னால் வந்து நிற்கும். லோடரின் லோட்_ஆஸ்_ஏஜிடைப் ஆப்ஷனை 'ட்ரூ' ஆக்கினால் எண்கள் எண்களாகும். ஆனால் விமான வகையைக் காட்டும் நெடுவரிசையில் 320, 738, சிஆர்2 எல்லாம் கலந்து கிடக்கும். சில முழு எண்ணாகவும் சில எழுத்தாகவும் போய்விடும். பிறகு '320' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே சில நூறு வரிகளுக்கு மேல் போனால் லோடரை விட்டுவிடுவதே மேல். போஸ்ட்கிரஸின் காப்பி கட்டளையால் இரண்டு சாதாரண டேபிள்களில் ஏற்றுங்கள்; 'நல்' (மதிப்பு இல்லை) ஆப்ஷனில் அந்தப் பின்சாய்வுக்கோடு-என்-ஐக் குறிப்பிடுங்கள். கட்டளை வரிக் கருவியான பிஎஸ்கியூஎல்-இன் காப்பி என்றால் ஃபைல் உங்கள் பக்கமே இருக்கலாம். ஃபைல் சிஸ்டத்தைத் தொட முடியாத கிளவுட் சர்வர்களுக்கு இதுதான் வழி. உயரத்தை இன்டிஜர் என்றும் அட்ச, தீர்க்க ரேகைகளை டபுள் பிரிசிஷன் என்றும் வகுத்துவிட்டால் வகைக் குழப்பம் அங்கேயே தீரும்.

பிறகு நேராக லேபிள் டேபிளில் இன்சர்ட். ஒவ்வொரு லேபிளும் கிராஃபின் பெயரில் இருக்கும் ஸ்கீமாவில் (டேபிள்களின் தொகுப்பு) ஒரு டேபிள்தான். பெரிய எழுத்தில் தொடங்கினால் பெயரை இரட்டை மேற்கோளில் இடவும். வெர்டெக்ஸ் டேபிளில் ஐடி, பிராப்பர்ட்டீஸ் என்ற இரண்டே நெடுவரிசைகள். ஐடி-க்கு _கிராஃப்ஐடி ஃபங்ஷன், அதற்குள் லேபிள் எண்ணுக்கு _லேபிள்_ஐடி. 3 என்று கையால் எழுத வேண்டாம், லேபிளை அழித்துத் திரும்ப உருவாக்கினால் எண் மாறும். பண்புகளை ஒன்றாகக் கட்ட ஏஜிடைப்_பில்டு_மேப். எட்ஜ் டேபிளில் ஸ்டார்ட்_ஐடி, எண்ட்_ஐடி கூடுதலாக இருக்கும். எட்ஜின் சொந்த ஐடி-யை விட்டுவிட்டால் சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண்ணைத் தானே தரும் கணக்கு) நிரப்பும். ரூட்ஸ் டேபிளை ஏர்போர்ட்ஸ் டேபிளோடு இரண்டு முறை ஜாயின் செய்து ஏற்றுங்கள். முனை இல்லாத தடம் ஒன்றுகூட உள்ளே வராது. 67,663-இல் எத்தனை விழுந்தது என்பதையும் லெஃப்ட் ஜாயின் போட்டு எண்ணிவிடலாம்.

வெர்டெக்ஸ் ஐடி-களை நாமே கொடுத்ததால் அந்த லேபிளின் சீக்வென்ஸ் இன்னும் 1-இலேயே நிற்கும். அடுத்து சைஃபரில் 'கிரியேட்' போட்டால் பழைய ஐடி-யிலேயே மோதும். ஏற்றி முடித்த கையோடு செட்வால் ஃபங்ஷனைக் கொடுத்து, அதை அதிகபட்ச ஐடி-க்கு நகர்த்துங்கள்.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) கடைசியில், ஏற்றி முடித்த பிறகு. 'மேட்ச்'சில் சுருள் அடைப்புக்குள் பண்பைக் கொடுத்துத் தேடுவீர்கள் என்றால் பிராப்பர்ட்டீஸ் மேல் ஜின் இண்டெக்ஸ். 'வேர்'இல் சமக்குறி போட்டால் ஏஜிடைப்_ஆக்சஸ்_ஆபரேட்டர் மேல் பீட்ரீ. ஒன்று மற்றதற்கு உதவாது. இதில் குழம்பினால் வினவல் எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாருங்கள்; சீக்வென்ஷியல் ஸ்கேன் (டேபிளை முழுக்கப் படிப்பது) என்று வந்தால் பெரும்பாலும் தவறான இண்டெக்ஸைக் கட்டியிருக்கிறீர்கள், அல்லது டேபிளின் புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ் ஓட்ட மறந்திருக்கிறீர்கள்.